செய்தியும் செவியும்: முளைய விருத்தியில் வளர்ச்சிக் காரணி வாங்கிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சொல்லின் பொருளைத் தீர்மானிப்பவன் அதனைச் சொல்பவனா, கேட்பவனா என்னும் வினா இலக்கியத் திறனாய்விலும் மொழியியலிலும் நெடுங்காலம் வாதிக்கப்பட்டு வந்த ஒன்றாகும். இதே வினா, முற்றிலும் வேறான ஒரு துறையாகிய முளையவியலிலும் எழுந்து, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் தெளிவான விடையின்றிக் கிடந்தது என்பதைக் கலைத்துறை மாணவர் பலர் அறியார். கருக்கொண்ட ஒற்றைக் கலம் பிரிந்து பெருகி, நரம்பாகவும் என்பாகவும் குருதியாகவும் வேறுபட்டு, ஓர் உடலாக அமைவதற்குக் கலங்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ள வேண்டும். அத்தொடர்புக்குரிய செய்திகளுட் பல, 'வளர்ச்சிக் காரணிகள்' எனப்படும் புரதங்களாகும். அச்செய்திகளை ஏற்றுக்கொள்ளும்பொருட்டுக் கலத்தின் மென்சவ்வில் அமைந்துள்ள புரதங்களே 'வாங்கிகள்'. செய்தியாகிய காரணிகள் முதலிலும், செவியாகிய வாங்கிகள் நெடுங்காலம் கழித்துமே அறியப்பட்டன. இவ்விடைவெளி ஏன் ஏற்பட்டது, அஃது எவ்வாறு நிரம்பியது, அதனால் முளையத்தைப் பற்றிய கருத்து எங்ஙனம் மாறியது என்பனவற்றை வரலாற்று நோக்கில் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாறு பயிலும் மாணவன் இத்துறையிற் புகுதல் பொருந்துமா என்று சிலர் கருதலாம். விஞ்ஞான முடிவுகளை மதிப்பிடுதல் விஞ்ஞானிகளின் பணி. ஆயின், ஒரு வினா ஒரு காலத்தில் ஏன் எழுந்தது, மற்றொரு வினா ஏன் எழாதிருந்தது என்று கேட்டல் வரலாற்று மாணவனுக்கும் உரியதேயாம்.

அமைப்பாளனைத் தேடிய காலம்

1924ஆம் ஆண்டில் யேர்மனியின் பிறைபேர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் ஸ்பேமனும் அவருடைய மாணவி ஹில்டே மங்கோல்டும் வெளியிட்ட ஆய்வு முளையவியலின் போக்கையே மாற்றியது. நியூற்று எனப்படும் வாலுள்ள ஈரூடகவாழியின் இளம் முளையத்திலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டியெடுத்து, வேறோர் இன நியூற்றின் முளையத்தில் வயிற்றுப்புறமாக அமையவிருந்த இடத்தில் அவர்கள் ஒட்டினர். அவ்விடத்தில் இரண்டாவது முளையம் ஒன்று தோன்றியது. இரு இனங்களும் நிறத்தால் வேறுபட்டமையின், எக்கலம் எம்முளையத்துக்குரியது என்பதைப் பிரித்தறிய முடிந்தது. புதிய முளையத்தின் நரம்புத்தொகுதி பெரும்பாலும் ஒட்டப்பட்ட துண்டிலிருந்து உண்டாகவில்லை. அத்துண்டை ஏற்ற முளையத்தின் சொந்தக் கலங்களே, தோலாக வேண்டியவை, நரம்பாக மாறியிருந்தன. அயற்கலங்களின் விதியை மாற்றவல்ல அத்துண்டுக்கு ஸ்பேமன் 'அமைப்பாளன்' எனப் பெயரிட்டார். கட்டுரை வெளியான அதே ஆண்டில், 25 வயதில், மங்கோல்ட் தீவிபத்தொன்றில் உயிரிழந்தார். ஸ்பேமன் 1935இல் நோபெல் பரிசு பெற்றார்.

'அமைப்பாளன்' என்னும் பெயர் ஊன்றி நோக்கற்பாலது. கட்டளையிடும் ஒருவனையும், அவனுக்குக் கீழ்ப்படியும் ஒரு கூட்டத்தையும் அது மனக்கண்முன் நிறுத்துகின்றது. பெயர் தந்த இப்படிமமே பின்வந்தோர் கேட்ட வினாவையும் வரையறுத்தது எனலாம். அமைப்பாளன் வெளியிடும் பொருள் யாது என்பதே எல்லோரும் கேட்ட வினாவாயிற்று. கேட்கும் கலங்களில் என்ன நிகழ்கின்றது என்ற வினா பின்னணிக்குத் தள்ளப்பட்டது.

தேடல் விரைவிலேயே குழப்பத்தில் முடிந்தது. கொல்லப்பட்ட அமைப்பாளன் துண்டும் நரம்பிழையத்தைத் தூண்டும் என்பது 1932இல் காட்டப்பட்டது. தொடர்ந்து, அமைப்பாளனோடு எவ்வகைத் தொடர்புமற்ற பல விலங்கு இழையங்களும் அவ்வாறே செய்தன. கேம்பிரிட்ஜில் கொன்றாட் வாடிங்ரன், ஜோசப் நீடம் முதலியோர் இவ்வாய்வில் ஈடுபட்டிருந்தனர். மெதிலீன் நீலம் என்னும் சாதாரண சாயப்பொருளும் இவ்விளைவைத் தரும் என 1936இல் அவர்கள் அறிவித்தனர். எதைக் கொடுத்தாலும் ஒரே விடை வருமாயின், கொடுக்கப்பட்ட பொருளைப் பற்றி அவ்விடை எதனையும் கூறவில்லை என்பதே பொருள். விடையைத் தந்துகொண்டிருந்தது ஏற்கும் இழையம். வாடிங்ரன் இதனை உணர்ந்தவர். தூண்டலுக்கு விடையிறுக்கும் ஆற்றல் இழையத்திலேயே முன்கூட்டி அமைந்திருத்தல் வேண்டும் என்பதை வற்புறுத்தி, 1940இல் வெளிவந்த தமது நூலில் அவ்வாற்றலை விரித்துரைத்தார். ஆயினும் அவ்வாற்றல் எப்பொருளில் உறைகின்றது என்று காணும் கருவி எதுவும் அன்று இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரோடு இத்தேடல் பெரிதும் தளர்ந்தது.

ஈண்டு ஒரு முரண் சுட்டத்தக்கது. வாங்கி என்னும் கருத்து அக்காலத்திற்குப் புதியதன்று. யேர்மனியில் போல் ஏர்லிக் நச்சுப் பொருள்கள் கலத்திற் பற்றுதலை விளக்க இக்கருத்தை 1900ஆம் ஆண்டளவிலேயே கையாண்டார். 1905இல் ஜோன் லாங்லி என்பார், நிக்கொற்றின், கியூறாரே ஆகியவை தசையிற் செயற்படுவதை ஆராய்ந்து, தசைக்கலத்தில் 'ஏற்கும் பொருள்' ஒன்று உளது என முடிவு செய்தார். லாங்லி பணியாற்றிய இடமும் கேம்பிரிட்ஜே. மருந்தியலாளர் கையில் முப்பது ஆண்டுகளாக இருந்த கருத்து, அதே நகரில் இயங்கிய முளையவியலாளரின் ஆய்வுமுறையை மாற்றவில்லை. துறைகளுக்கிடையே எழுப்பப்பட்ட சுவர்கள் கருத்துகளின் பயணத்தை எவ்வளவு காலம் தடுக்கக்கூடும் என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

படுக்கையறையில் ஓர் ஆய்வுகூடம்

ஸ்பேமனின் மாணவருள் ஒருவரான விக்ரர் ஹாம்பேர்கர் 1932இல் புலமைப்பரிசில் ஒன்றின் மூலம் சிக்காகோ சென்றார். மறு ஆண்டு நாசி அரசு யூதர்களைப் பல்கலைக்கழகப் பதவிகளிலிருந்து நீக்கியமையால் அவர் பிறைபேர்க்குக்குத் திரும்ப இயலவில்லை. பின்னர் சென்ற் லூயிஸ் நகரின் வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தில் அமர்ந்தார். கோழி முளையத்தில் சிறகு தோன்றும் அரும்பை வெட்டி நீக்கினால் அதற்குரிய நரம்புக்கலங்கள் குறைந்துவிடுகின்றன என்பதை 1934இல் அவர் வெளியிட்டார்.

இக்கட்டுரையைப் படித்தவர்களுள் ஒருவர் இத்தாலியின் தூரின் நகரைச் சேர்ந்த றீற்றா லெவி மொன்ரால்சினி. 1936இல் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், 1938இன் இனவாதச் சட்டங்களால் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் உரிமையை இழந்தார். தம் வீட்டுப் படுக்கையறையிலேயே சிறு ஆய்வுகூடம் ஒன்றை அமைத்து, கோழி முட்டைகளைக் கொண்டு ஹாம்பேர்கரின் பரிசோதனைகளை மீளச் செய்தார். தூரின் மீது குண்டுகள் விழத் தொடங்கிய பின் கிராமத்து வீடொன்றிலிருந்து அப்பணியைத் தொடர்ந்தார். அரும்பு நீக்கப்பட்டபோது நரம்புக்கலங்கள் உருவாகாமற் போகவில்லை, உருவாகிய பின்னர் இறந்தன என்பதே அவர் கண்ட முடிவு. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றினும் ஆழமானது. சிறகரும்பு நரம்புக்கலங்களைப் படைக்கின்றது என்ற எண்ணம் நீங்கி, அஃது அவற்றைப் பிழைக்கவைக்கும் ஏதோவொன்றை வழங்குகின்றது என்ற எண்ணம் பிறந்தது.

போரின் பின்னர் ஹாம்பேர்கரின் அழைப்பை ஏற்று லெவி மொன்ரால்சினி சென்ற் லூயிஸ் சென்றார். சுண்டெலியின் கட்டியொன்றைக் கோழி முளையத்தில் ஒட்டினால் நரம்புகள் அதனுட் பெருமளவில் வளர்கின்றன என்பதை எல்மர் பியூக்கர் 1948இல் கண்டிருந்தார். கட்டி கரைந்து பரவும் ஒரு பொருளை வெளியிடுவதே காரணம் என லெவி மொன்ரால்சினி உய்த்துணர்ந்தார். 1952இல் கட்டியுடைய சுண்டெலிகளுடன் றியோ டி ஜெனீரோ சென்று, இழைய வளர்ப்பு முறையில் இதனை நிறுவினார். கட்டித் துண்டின் அருகே வைக்கப்பட்ட நரம்புத்திரட்டிலிருந்து ஒரு நாளுக்குள் நார்கள் ஒளிவட்டம்போற் கிளம்பின.

1953இல் உயிரிரசாயனவியலாளர் ஸ்ரான்லி கோஹன் இவர்களோடு இணைந்தார். கட்டிச் சாற்றிலிருந்த கருவமிலங்களைச் சிதைக்கும் நோக்கத்தோடு அதிற் பாம்பு நஞ்சு சேர்க்கப்பட்டபோது, நரம்பு வளர்ச்சி குறைவதற்குப் பதிலாகப் பன்மடங்கு கூடியது. நஞ்சிலேயே அக்காரணி செறிந்திருந்தது. நஞ்சுச் சுரப்பிக்கு இணையான முலையூட்டி உறுப்பு உமிழ்நீர்ச் சுரப்பி என்ற தருக்கத்தால், ஆண் சுண்டெலியின் கீழ்த்தாடைச் சுரப்பி ஆராயப்பட்டது. அங்கு அப்புரதம் மிகுதியாகக் கிடைத்தது. அதுவே நரம்பு வளர்ச்சிக் காரணி. அதற்கெதிரான பிறபொருளெதிரியைப் புதிதாகப் பிறந்த முலையூட்டிகளுக்குச் செலுத்தியபோது பரிவு நரம்புத்திரட்டுகள் ஏறத்தாழ அழிந்துபோயின. காரணியின்றிக் கலம் இல்லை என்பது இதனால் உறுதியாயிற்று.

அதே சுரப்பியின் சாறு மற்றொரு வியப்பையும் தந்தது. பிறந்த சுண்டெலிக் குஞ்சுகள் வழமையாக 12 முதல் 14 நாள்களிற் கண் திறப்பன. சாறு செலுத்தப்பட்ட குஞ்சுகள் 7ஆம் நாளிலேயே கண் திறந்தன. நரம்பு வளர்ச்சிக் காரணியால் இது நிகழாதென்பதைக் கோஹன் புரிந்துகொண்டார். அவர் பிரித்தெடுத்து 1962இல் அறிவித்த பொருள் மேற்றோல் வளர்ச்சிக் காரணி எனப் பெயர்பெற்றது. அதன் 53 அமினோவமிலங்களின் வரிசை 1972இல் தெரியவந்தது. இவ்விரு கண்டுபிடிப்புகளுக்காக 1986இல் லெவி மொன்ரால்சினியும் கோஹனும் நோபெல் பரிசு பெற்றனர். அப்பரிசில் ஹாம்பேர்கர் விடப்பட்டமை அறிஞரிடையே விவாதத்துக்குள்ளாயிற்று.

எனினும் அமைப்பாளன் காலத்துப் பழைய வினா இன்னும் அப்படியே நின்றது. சுண்டெலியின் உடலெங்கும் பரவக்கூடிய ஒரு புரதத்திற்குச் சில கலங்கள் மட்டும் ஏன் செவிசாய்க்கின்றன?

செவி கண்டறியப்படுதல்

1970களின் நடுப்பகுதியில், வாண்டர்பில்ற் பல்கலைக்கழகத்தில் கோஹனும் கிரஹம் காப்பென்ரரும் மேற்றோல் வளர்ச்சிக் காரணிக்குக் கதிர்த்தொழிற்பாடுள்ள அயடீனை அடையாளமாக இட்டு, அது கலங்களின் மேற்பரப்பில் எங்கே பற்றுகின்றது என்பதைப் பின்தொடர்ந்தனர். குறித்த எண்ணிக்கையான இடங்களில் மட்டும் அது பற்றியது. பின் கலத்தினுள் இழுத்துக்கொள்ளப்பட்டது. மனிதப் புற்றுநோய்க் கட்டியொன்றிலிருந்து பெறப்பட்ட கலவகையொன்றில் இவ்வாங்கி அளவுக்கு மீறிச் செறிந்திருந்தமை ஆய்வுக்குப் பெருந்துணையாயிற்று. காரணி பற்றியதும் மென்சவ்வுப் புரதங்களிற் பொசுபேற்றுச் சேர்கின்றது என்பது 1978இலும், அது தைரோசின் என்னும் அமினோவமிலத்திற் சேர்கின்றது என்பது 1980இலும் தெரியவந்தன.

வாங்கியின் தொழில் இப்போது ஓரளவு புலப்பட்டது. அதன் ஒரு பகுதி கலத்திற்கு வெளியே நீண்டு காரணியைப் பற்றுகின்றது. மென்சவ்வை ஊடறுத்துச் செல்லும் மறுபகுதி கலத்தினுள் ஒரு நொதியமாக அமைந்துள்ளது. காரணி பற்றியதும் இரு வாங்கிகள் இணைந்து ஒன்றையொன்று பொசுபேற்றால் அடையாளமிடுகின்றன. அவ்வடையாளத்தை நாடி உட்புரதங்கள் வந்து சேர, செய்தி கருவரை கடத்தப்படுகின்றது. காரணி தானே கலத்தினுட் சென்று கட்டளையிட வேண்டியதில்லை. அது வாயிலைத் தட்டுகின்றது. உள்ளே நிகழ்வன யாவும் அவ்வீட்டாரின் ஏற்பாடுகள்.

1984இல் இவ்வாங்கியின் அமைப்பு முழுமையாக அறியப்பட்டபோது, கோழிகளிற் குருதிப் புற்றுநோயை உண்டாக்கும் வைரசு ஒன்றின் பரம்பரையலகு இதன் வெட்டுண்ட வடிவமே என்பதும் வெளிப்பட்டது. முளையத்தைக் கட்டியெழுப்பும் கருவியும் உடலை அழிக்கும் கருவியும் ஒன்றாயிருந்தன. காரணியைப் பற்றும் வெளிப்பகுதியை இழந்த வாங்கி, செய்தி எதுவும் வராதபோதும் ஓயாது முழங்குகின்றது. முளையவியலும் புற்றுநோயியலும் சந்தித்த இடம் இதுவாகும். நரம்பு வளர்ச்சிக் காரணியின் வாங்கியும் இவ்வழியிலேயே கிடைத்தது. 1986இல் குடற்புற்றுக் கட்டியொன்றிற் கண்ட பரம்பரையலகின் இயல்பான வடிவமே அவ்வாங்கி என்பது 1991இல் நிறுவப்பட்டது. காரணி அறியப்பட்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதற்குள் கழிந்துவிட்டன.

வெண்புள்ளிச் சுண்டெலிகள் சொன்ன கதை

இவ்வளவும் வளர்ப்புக் கலங்களிலும் கட்டிகளிலும் கண்டவை. முலையூட்டியின் முளையம் தாயின் கருப்பையுள் மறைந்து வளர்வது. நியூற்றைப்போல வெட்டி ஒட்டுவதற்கு எளிதில் இடந்தராது. அம்மறைவிடத்துச் செய்தியை வெளிக்கொணர்ந்தவை பரம்பரை விகாரம் கொண்ட சுண்டெலிகளே.

வெண்புள்ளி உடைய ஒருவகைச் சுண்டெலி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே அறியப்பட்டிருந்தது. தாய், தந்தை ஆகிய ஒருவரிடமிருந்து மட்டும் அவ்விகாரத்தைப் பெற்ற குஞ்சின் உரோமத்தில் வெள்ளைத் திட்டுகள் தோன்றும். இருவரிடமிருந்தும் பெற்றது கடுங்குருதிச்சோகையால் பிறப்பை அண்டி இறக்கும். இவ்விகாரத்தின் சற்று மென்மையான வடிவங்களில் விலங்கு பிழைத்தாலும் மலடாகவே வளரும். நிறம், குருதி, இனப்பெருக்கம் ஆகிய மூன்றுக்கும் என்ன தொடர்பு? 1956இல் 'ஸ்ரீல்' எனப் பெயரிடப்பட்ட, வேறொரு நிறமூர்த்தத்தில் அமைந்த மற்றொரு விகாரமும் அறிவிக்கப்பட்டது. அதுவும் அதே மூன்று குறைகளையும் காட்டியது. ஐக்கிய அமெரிக்காவின் மேயின் மாநிலத்து ஜாக்சன் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த எலிசபெத் றசல் இவ்விரண்டையும் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர்.

இவ்விரு விகாரங்களையும் வேறுபடுத்திய பரிசோதனை எளிமையானது. அதன் தருக்கமோ மிக நுண்மையானது. வெண்புள்ளி விகாரச் சுண்டெலிக்கு இயல்பான என்புமச்சையைச் செலுத்தினால் அதன் குருதிச்சோகை நீங்கியது. ஸ்ரீல் சுண்டெலிக்கு அவ்வாறு செலுத்தினால் பயனில்லை. ஆனால் ஸ்ரீல் சுண்டெலியின் என்புமச்சை வெண்புள்ளிச் சுண்டெலியைக் குணப்படுத்தியது. இதிலிருந்து பெறப்படுவது யாதெனின், முதலாவதிற் பழுதுற்றது விதை. இரண்டாவதிற் பழுதுற்றது நிலம். 1960களின் நடுப்பகுதியில், மூலக்கூறு ஒன்றையேனும் காணாத நிலையில், கேட்கும் கலத்தின் குறையையும் சொல்லும் சூழலின் குறையையும் இவ்வாய்வாளர் பிரித்துக் காட்டிவிட்டனர். அமைப்பாளன் ஆய்வாளர் தேடியும் பெறாத தெளிவு இதுவாகும்.

மூலக்கூறுகள் பின்னர் வந்து சேர்ந்தன. பூனைகளிற் கட்டியை உண்டாக்கும் வைரசு ஒன்றில் 'கிட்' எனப்படும் பரம்பரையலகு 1986இல் அறியப்பட்டது. அதன் இயல்பான வடிவம் ஒரு வாங்கியின் அமைப்புடையது என்பது 1987இல் தெளிவாயிற்று. வெண்புள்ளி விகாரம் கிட் வாங்கியின் விகாரமே என்பதை 1988இல் இரு குழுவினர் காட்டினர். 1990இல், ஸ்ரீல் பரம்பரையலகு ஆக்கும் புரதமே கிட் வாங்கியிற் பற்றும் காரணி என்பதைப் பல குழுவினர் ஒரே வேளையில் வெளியிட்டனர். விதையென்றும் நிலமென்றும் உய்த்துணரப்பட்ட இரண்டும் வாங்கியாகவும் காரணியாகவும் நேர்நேராகப் பொருந்தின.

மூன்று குறைகளின் தொடர்பும் அப்போது விளங்கியது. நிறக்கலங்களின் முன்னோடிகளும், மூல இனப்பெருக்கக் கலங்களும் முளையத்தில் நெடுந்தூரம் இடம்பெயர்ந்து தமக்குரிய இடத்தை அடைபவை. குருதியின் மூலக்கலங்களும் வளர்ச்சியினூடே இடம் மாறுபவை. வழியெங்கும் அவற்றைப் பிழைக்கவைப்பது கிட் வாங்கியினூடாகப் பெறும் செய்தியாகும். செவியற்ற கலம் வழியிலேயே மடிகின்றது. பிறவியிலேயே நெற்றியிலும் உடலிலும் வெண்டிட்டுக் கொண்ட சில மனிதக் குடும்பங்களில் இதே வாங்கி பழுதுற்றிருப்பது 1991இற் காணப்பட்டது.

ஒரே செய்தி, பல பொருள்

1980களின் பிற்பகுதியில், விரும்பிய பரம்பரையலகை மட்டும் செயலிழக்கச் செய்து சுண்டெலியை உருவாக்கும் முறை வகுக்கப்பட்டது. மரியோ கப்பெக்கி, மார்ட்டின் எவன்ஸ், ஒலிவர் சிமிதீஸ் ஆகியோர் இதற்காக 2007இல் நோபெல் பரிசு பெற்றனர். விகாரம் தானே தோன்றும்வரை காத்திருந்த காலம் இதனால் முடிவுற்றது. வாங்கிகள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன. இன்சுலினையொத்த வளர்ச்சிக் காரணியின் முதல்வகை வாங்கியை இழந்த குஞ்சுகள் இயல்பான நிறையின் 45 சதவீதத்தோடு பிறந்து, மூச்சுவிட இயலாது உடனே இறந்தன என 1993இல் அறிவிக்கப்பட்டது. நரம்பு வளர்ச்சிக் காரணியின் வாங்கி நீக்கப்பட்ட சுண்டெலிகள் நோவை உணரும் நரம்புகளை இழந்திருந்தமை 1994இற் காட்டப்பட்டது. பிறவியிலேயே நோவையும் வியர்வையையும் அறியாத அரிய நோயுடைய மனிதரில் இதே வாங்கியின் பரம்பரையலகு பழுதுற்றிருப்பது 1996இல் தெரியவந்தது. படுக்கையறை ஆய்வுகூடத்தில் எழுந்த வினா, தீயைத் தொட்டும் கையை எடுக்காத குழந்தையின் துன்பத்திற்கு விளக்கமாயிற்று.

மேற்றோல் வளர்ச்சிக் காரணியின் வாங்கி நீக்கப்பட்ட சுண்டெலிகள் பற்றி 1995இல் மூன்று குழுவினர் எழுதினர். பிறந்த குஞ்சுகள் திறந்த கண்களுடன் பிறந்தன. 1962இற் கண் விரைவிற் திறந்தது காரணி மிகுந்தமையால்; 1995இல் கண் திறந்திருந்தது வாங்கி இல்லாமையால். முரணாகத் தோன்றும் இவ்விரண்டும் உண்மையில் முரண்பட்டவையல்ல. சுண்டெலி முளையத்தில் இமைகள் முதலில் வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டி மூடிக்கொள்கின்றன. பிறந்த பின்னரே பிரிகின்றன. மூடுவதற்கும் அவ்வாங்கி வேண்டும். திறப்பதை விரைவுபடுத்துவதும் அதுவே. செய்தி ஒன்று, கேட்கும் கலத்தின் வயதுக்கும் நிலைக்கும் ஏற்ப அதன் பொருள் இரண்டு.

மேலும் வியக்கத்தக்கது மற்றொன்று. அவ்வாங்கியை இழந்த முளையம் எப்போது இறக்கும் என்பது சுண்டெலியின் குலவகையைப் பொறுத்திருந்தது. ஒரு குலத்தில் முளையம் கருப்பையிற் பதியும் காலத்திலேயே அழிந்தது. மற்றொன்றில், தாய்க்கும் சேய்க்கும் இடைநின்று ஊட்டும் சூல்வித்தகம் பழுதுற்றுக் கருக்காலத்தின் நடுவில் இறந்தது. வேறொன்றில் பிறந்து ஏறத்தாழ மூன்று வாரங்கள் வாழ்ந்தது. ஒரு வாங்கியின் பணி யாது என்ற வினாவுக்குத் தனித்த விடை இல்லை. அதனைச் சூழ்ந்த ஏனைய பரம்பரையலகுகளோடு சேர்த்தே விடை கூறவேண்டும் என்பது இதனாற் பெறப்பட்டது.

'வளர்ச்சிக் காரணி' என்னும் பெயரே சிலவிடத்துப் பொருந்தாமற் போயிற்று. நார்முன் வளர்ச்சிக் காரணிகளின் மூன்றாவது வாங்கியில் 380ஆம் இடத்து அமினோவமிலம் ஒன்று மாறுவதே மனிதரில் மிகப் பொதுவான பிறவிக் குள்ளத்தன்மைக்குக் காரணம் என 1994இல் அறியப்பட்டது. அம்மாற்றம் வாங்கியை மிகையாகச் செயற்படவைக்கின்றது. மாறாக, அவ்வாங்கி நீக்கப்பட்ட சுண்டெலிகளின் நீளென்புகள் அளவுக்கு மீறி வளர்ந்தன. அதாவது, வளரும் கசியிழையத்தின் கலங்களுக்கு அவ்வாங்கி கூறுவது 'போதும், நில்' என்பதாகும். பெயர் சூட்டியோர் சொல்பவனை நோக்கிச் சூட்டினர். பொருளைத் தீர்மானித்ததோ கேட்கும் கலம்.

முடிவுரை

1924இல் எழுந்த வினாவுக்கும் இவ்வழியிலேயே விடை கிடைத்தது. 1990களில் அமைப்பாளன் வெளியிடும் புரதங்கள் சில இறுதியாகக் கண்டறியப்பட்டன. அவற்றுட் சிறந்தனவாகிய நொகின், கோடின் ஆகியவை அயற்கலங்களுக்கு எக்கட்டளையும் இடுபவையல்ல. 'தோலாகுக' என்று அக்கலங்களின் வாங்கிகளை நோக்கி வரும் வேறொரு செய்தியைப் பற்றிப் பிடித்து, அது சென்றடையாது தடுப்பவை. அச்செய்தி கேளாதொழியின், அக்கலங்கள் தம் இயல்பால் நரம்பை நோக்கிச் செல்கின்றன. இவ்விரு புரதங்களையும் ஒருங்கே இழந்த சுண்டெலி முளையத்தில் முன்மூளை அமைவதில்லை என்பது 2000இற் காட்டப்பட்டது. கட்டளையிடும் தலைவனாக எழுபது ஆண்டுகள் கருதப்பட்ட அமைப்பாளன், ஓசையை அடக்கி அமைதியை உண்டாக்குபவனாகவே முடிவில் வெளிப்பட்டான். மெதிலீன் நீலம் போன்ற எளிய பொருள்களும் அன்று அதே விளைவைத் தந்தமை ஏன் என்பதற்கும் இதில் ஒரு விளக்கம் உண்டு. நரம்பாகும் ஆற்றல் அவ்விழையத்திலேயே காத்திருந்தது.

இவ்வரலாற்றிலிருந்து இரு கருத்துகளை நாம் பெறலாம். முதலாவது, ஒரு துறையின் சொற்கள் அத்துறையின் வினாக்களையும் தீர்மானிக்கின்றன. 'அமைப்பாளன்', 'காரணி' ஆகிய சொற்கள் ஆய்வாளரின் கண்ணைச் சொல்பவன்மீதே நிறுத்தின. கேட்பவனை நோக்கித் திரும்பியவர்கள் பெரும்பாலும் துறையின் ஓரத்தில் நின்றவர்களே: புற்றுநோய் வைரசுகளை ஆராய்ந்தவர்கள், புள்ளிபட்ட சுண்டெலிகளை ஆண்டுக்கணக்கில் பேணியவர்கள். இரண்டாவது, அறிவின் வரலாறு நாடுகளின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதது. ஹாம்பேர்கரைப் புலம்பெயரச் செய்ததும், லெவி மொன்ரால்சினியைப் படுக்கையறைக்குள் ஒடுக்கியதும் இனவாதச் சட்டங்களே. அவர்கள் தம் பணியைக் கைவிடாதிருந்தமையால் இவ்வரலாறு நமக்குக் கிடைத்தது. கைவிட நேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களோடு அழிந்த வினாக்கள் எவை என்பதை எந்த வரலாற்று நூலும் எழுதிவிட முடியாது.

வரலாறு எழுதுவோரும் இதே வழக்கத்திற்குப் பழகியவர்கள். அரசன் விடுத்த ஆணையைக் கல்வெட்டிலும் ஏட்டிலும் தேடிப் படிக்கின்றோம். அவ்வாணை ஊரில் எவ்வாறு கேட்கப்பட்டது, எவரால் ஏற்கப்பட்டது, எவரால் மாற்றிப் பொருள்கொள்ளப்பட்டது என்பதை அரிதாகவே வினவுகின்றோம். ஸ்ரீல் சுண்டெலி காட்டியபடி, செவி நன்றாயிருந்தும் செய்தி வராவிடிற் பயனில்லை. ஆதலின் சொல்பவனை மறந்து கேட்பவனை மட்டும் போற்றுதலும் பிழையாகும். இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கும்போதே முளையத்தின் வளர்ச்சியும் சமூகத்தின் வளர்ச்சியும் விளக்கம் பெறும் என்பது இக்கட்டுரையின் துணிபு.